மொன்றியலில் இருந்து வந்த பேணியும் எங்கள் வீட்டுப் பாணியும்

தங்கச்சி இந்தச் சித்திரையில் மொன்றியலில் இருந்து வந்தபோது, பெட்டிக்குள் சொக்லேற்றுக்கும் அம்மாவின் குளிசைகளுக்கும் நடுவே மூன்று தகரப்பேணிகள் வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் 540 மில்லிலீற்றர். பேணியைச் சுற்றிப் பனி மூடிய காடு, ஒரு மரக்குடில், அதன் கூரையில் இருந்து எழும்பும் புகை. கீழே அதைக் காய்ச்சிய குடும்பத்தின் பெயரும் ஊர்ப் பெயரும். மேப்பிள் சிரப், மேப்பிள் மரத்தின் நீரைக் காய்ச்சிய பாகு.

எங்கள் ஊரான பூநகரியில் இதை விற்கிற கடை எதையும் நான் காணவில்லை. ஆனால் கனடாவில் இருந்து வருகிற உறவுகள் ஒரு போத்தலோ பேணியோ கொடுத்துவிட்டுப் போகிற வீடுகள் வன்னி முழுக்க இருக்கின்றன. என்ன செய்வதென்று தெரியாமல் அதை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்காகத்தான் முதலில் எழுதுகிறேன். அப்புறம், நான் பனம்பாணி காய்ச்சுகிற வீட்டுப் பிள்ளை. அதனால் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

பேணியைத் திறந்ததும் அம்மாவுக்குத்தான் முதலில் மணந்தது. "வெந்தயம் போட்டோ பிள்ளை காய்ச்சினவை?" என்று கேட்டார். அம்மாவின் மூக்கு பிழைக்கவில்லை. மேப்பிளின் மணமும் வெந்தயத்தின் மணமும் அவ்வளவு நெருக்கம். செயற்கை மேப்பிள் சுவையூட்டி செய்கிறவர்கள் வெந்தயச் சாற்றைச் சேர்ப்பதுண்டு. ஆனால் இந்தப் பேணிக்குள் வெந்தயம் இல்லை. மரத்தின் நீர், அதைச் சுண்ட வைத்த நெருப்பு, வேறு ஒன்றுமே இல்லை.

பனம்பாணியை விட நன்றாக இளகியது. கரண்டியைச் சரித்தால் தேன் போல நூல் இழுக்காது, எண்ணெய் போல ஓடிவிடும். நாக்கில் இனிப்பு பட்டு, பின்னால் காய்ந்த மரத்தின் மணம் மெல்ல வந்து, சட்டென்று வாய் துப்புரவாகிவிடுகிறது. பாணியில் இருக்கிற அந்தக் கனம், அடித்தொண்டையில் நின்று பிடிக்கிற கரிப்பு, இதில் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேறு மரம், வேறு சுவை.

எதோடு நன்றாக இருக்கிறது என்று ஒரு கிழமையாகச் சாப்பிட்டுப் பார்த்தோம். முதல் இடம் எருமைத் தயிருக்கு. சட்டித் தயிரில் ஒரு துண்டு வெட்டிப் போட்டு, மேலே இரண்டு கரண்டி விட்டால், தயிரின் புளிப்பும் இந்த மணமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. பாலப்பத்துக்கும் நல்லது. மொட்டைக்கறுப்பன் மாப் புட்டுக்கு எடுபடவில்லை. அந்த அரிசியின் சுவைக்கு முன்னால் சிரப் காணாமல் போய்விட்டது, அதற்குப் பனங்கட்டிதான் சரி. வெறுந்தேத்தண்ணிக்கும் அப்படித்தான். உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டை வைத்துக் கடித்துக் கடித்துக் குடிக்கிற பழக்கம் எங்களுடையது. சிரப்பைக் கடிக்க முடியாது.

தங்கச்சி கொண்டு வந்தவற்றில் ஒன்று பொன்னிறம், இரண்டு கருநிறம். கனடாவில் கடைக்கு வருகிற முதல் தரச் சிரப்பை நிறத்தை வைத்து நான்காகப் பிரிக்கிறார்கள்: பொன்னிறம், செம்பொன், கருமை, மிகக் கருமை. பருவத்தின் தொடக்கத்தில் காய்ச்சுவது பெரும்பாலும் வெளிறி இருக்கும், போகப் போகக் கறுத்துச் சுவையும் ஏறும். எங்கள் நாக்குக்குக் கருமைதான். யாராவது "என்ன கொண்டு வர?" என்று கேட்டால் அதைச் சொல்லுங்கள். பொன்னிறத்தைச் சின்னப் பிள்ளைகள் விரும்பினார்கள்.

இனி, இது எப்படி வருகிறது என்ற கதை. எனக்கு இதுதான் பெரிது.

தங்கச்சி பங்குனியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வெளியே, மரநீரைக் காய்ச்சுகிற ஒரு சர்க்கரைக் குடிலுக்குப் போயிருக்கிறாள். இரவில் உறைகுளிர், பகலில் பனி உருகுகிற வெயில், இப்படி மாறி மாறி வருகிற சில கிழமைகளில்தான் அந்த மரத்தில் நீர் ஓடும். எங்கள் கணக்கில் மாசிக் கடைசியில் தொடங்கிச் சித்திரைக்குள் முடிந்துவிடும். மொட்டு விரியத் தொடங்கினால் நீரின் சுவை கெட்டுவிடும், அத்தோடு நிறுத்திவிடுவார்கள். மரத்தில் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு சின்னத் துளை. அதில் ஒரு குழாய். அடுத்த வருடம் அதே இடத்தில் துளைப்பதில்லை, தள்ளித்தான். மரம் பழைய காயத்தை மூடிக்கொள்ளும். மெலிந்த மரத்தைத் தொடுவதே இல்லை. நாற்பது வருடம் வளர்ந்த பிறகுதான் பல மரங்கள் துளைக்கிற பருமனுக்கு வருகின்றன. அப்படிப் பார்த்துக்கொண்டால் ஒரே மரம் நூறு வருடத்துக்கு மேலும் நீர் தரும். ஐரோப்பியர் அங்கே போகுமுன்னே அனிஷினாபே போன்ற ஆதிக்குடிகள் இந்த நீரை எடுத்துக் காய்ச்சியிருக்கிறார்கள்.

அந்த நீரில் சர்க்கரை 2 வீதம் அளவில்தான். 40 லீற்றரைச் சுண்டக் காய்ச்சினால் 1 லீற்றர் சிரப். இதைக் கேட்டதும் அம்மா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "நாப்பதுக்கு ஒண்டோ? விறகுக்கு எங்கை போறது?" எங்கள் கருப்பணியில், அதுதான் கள்ளாகாத பனை நீரில், பத்து வீதத்துக்கு மேல் இனிப்பு இருப்பதால் இவ்வளவு நேரம் எரிக்கத் தேவையில்லை. இப்போது அங்கே பலர் முதலில் சவ்வு வழியே அழுத்தி வடிக்கிற ஆர்.ஓ. இயந்திரத்தில் நீரின் பெரும் பகுதியைப் பிரித்துவிட்டு மிச்சத்தைத்தான் காய்ச்சுகிறார்களாம். எங்கள் பக்கத்தில் உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கத்தக்கதாக்க வைத்திருக்கிற அதே வகை இயந்திரம். நாங்கள் வடிந்து வருகிற தண்ணீரைக் குடிக்கிறோம், அவர்கள் வடியாமல் நின்றதைக் காய்ச்சுகிறார்கள்.

அம்மா காய்ச்சுவதைப் பார்த்தால் இரண்டு ஊரும் எவ்வளவு நெருக்கம் என்பது விளங்கும். தை, மாசியில் பாளை தள்ளும். அண்ணா பாளையைத் தட்டிப் பதப்படுத்திச் சீவி, உள்ளே சுண்ணாம்பு பூசிய முட்டியைக் கட்டுவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் விடிவதற்குள் கள்ளாகிவிடும். காலையில் இறக்கிய கருப்பணியை அம்மா தெளிய வைத்து வடித்துத் தாச்சியில் ஊற்றுவார். அடுப்புக்குக் கங்குமட்டை, பன்னாடை, காய்ந்த பாளை, ஊமல். மரம் தானாகக் கழிக்கிற எல்லாம் அதன் நீரைக் காய்ச்ச வந்துவிடும். நுரை பொங்கி விளிம்புக்கு வரும்போது ஒரு கிள்ளுத் தேங்காய்ப்பூ போடுவார், நுரை அடங்கும். அங்கே அதற்கு ஒரு துளி வெண்ணெய் போடுவார்களாம். பதம் பார்க்க அம்மாவிடம் ஒரு சிரட்டைத் தண்ணீர் இருக்கும். ஒரு சொட்டு விட்டு, கரைந்தால் இன்னும் எரிய வேண்டும். அடியில் போய்ச் சுருண்டு விரலுக்கு மசிந்தால் பாணி. உருட்ட வந்தால் பனங்கட்டி. அங்கே வெப்பமானி வைத்துத் தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் 4 பாகை வந்ததும் இறக்குகிறார்கள். பிறகு கொஞ்சத்தை இன்னும் இறுக்கிச் சுடச்சுடப் பனியின் மேல் ஊற்றி, குச்சியில் சுற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். சின்ன வயதில் தாச்சியின் விளிம்பில் ஒட்டியதை ஓலை ஈர்க்கால் சுரண்டித் தின்றது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது.

தங்கச்சி கைத்தொலைபேசியில் படங்கள் காட்டினாள். நீண்ட மேசைகள். குடும்பம் குடும்பமாக நகரத்தில் இருந்து வந்து அவரை, முட்டை, இறைச்சி எல்லாவற்றின் மேலும் சிரப்பை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள், பாட்டும் ஆட்டமும். அந்தக் குடிலின் உரிமையாளர் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று, நான்கு தலைமுறையாகச் செய்கிறோம் என்று எல்லோருக்கும் சொன்னாராம். அவருடைய பெயர்தான் பேணியிலும் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பாடசாலைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று எழுதினேன். ஐயா ஒரு நாளைக்கு இருபது மரம், காலையும் மாலையும் ஏறி இறங்கியவர். மரத்தோடு உரசி உரசி அவருடைய நெஞ்சில் கறுத்துக் காய்த்த ஒரு தழும்பு இருந்தது. மரம் ஏறக் காலில் மாட்டுகிற தளநார் பிடித்த பாதம் இரண்டும் பாலைமரப் பட்டை போல இருக்கும். அவரைச் சீவல்காரர் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை எனக்குள் வைத்தது ஊர்தான், ஆனால் எழுதியது என் கை. ஐயா காலமாகி ஆறு வருடம். அந்தப் பேணியில் அச்சிட்ட பெயரைப் பார்த்துக்கொண்டு நான் நிறைய நேரம் இருந்தேன்.

போர் முடிந்து 2010இல் நாங்கள் மீள்குடியேறி வந்தபோது வளவுப் பனைகளில் பாதிக்கு வட்டு, அதுதான் ஓலை நிற்கிற தலை, இல்லை. வட்டுப் போன பனை திரும்பத் தளிர்க்காது. ஐயா அந்த மாரியிலேயே வேலி ஓரம் முழுக்கப் பனங்கொட்டை ஊன்றினார். அவை வடலியாக நின்று, இப்போதுதான் ஒன்றிரண்டு பாளை காட்டுகின்றன. நாற்பது வருடம் காத்திருந்து துளைக்கிற மனிதரை ஐயா நன்றாக விளங்கிக்கொண்டிருப்பார்.

விலை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பேணி அங்கே பத்து டொலர் அளவில் என்றாள் தங்கச்சி, எங்கள் காசுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். உலகத்து மேப்பிள் சிரப்பில் ஏறக்குறைய 70 வீதம், மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் இருந்துதான் வருகிறது. நல்ல வருடத்தில் மிஞ்சுவதை உற்பத்தியாளர்களின் சங்கம் பீப்பாய்களில் சேமித்து வைத்து, விளைச்சல் குறைந்த வருடத்தில் வெளியே விடுகிறது; அதனால் விலை தலைகீழாக விழுவதில்லை. இங்கே கருப்பணி பெருகுகிற பங்குனியில் பாணி விலை இறங்கிவிடும். அதைவிட என்னைச் சுடுவது, சீனி கலந்த பனங்கட்டி. வீதியோரக் கடை ஒன்றில் ஓலைக் குட்டானில் வாங்கிய பனங்கட்டியை உடைத்தபோது உள்ளே சீனிக் குறுணி மின்னியது. அதே விலைக்கு அம்மா சுத்தமாகக் காய்ச்சிக் கொடுக்க முடியாது. கனடாவில் மேப்பிள் சிரப் என்ற பெயரில் சீனி கலந்து விற்கச் சட்டம் விடாது.

ஆனாலும் போலி அங்கேயும் உண்டு, வேறு பெயரில். பான்கேக் சிரப், மேப்பிள் சுவை என்றெல்லாம் எழுதிய மலிவான போத்தல்கள் பெரும்பாலும் சோளப்பாகும் வாசனையும்தான். வாங்கும்போது உள்ளடக்கத்தைப் படியுங்கள்: ஒரே ஒரு பொருள் இருக்க வேண்டும்.

பேணியைத் திறந்தால் அன்றைக்கே கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் வந்த பேணியைப் பனம்பாணி போல நினைத்துப் பரணில் வைத்தோம். மூன்றாம் கிழமை வெள்ளையாகப் பூஞ்சணம். அவ்வளவையும் கொட்டினோம். இளகலாக இருப்பதால் இந்த வெக்கைக்கு அது நிற்காது. திறக்காத பேணி வருடக்கணக்கில் இருக்கும். இன்னொன்று, இயற்கை என்பதால் நீரிழிவுக்காரர் சாப்பிடலாம் என்று சொல்கிறார்கள். அதை நம்பாதீர்கள். அதிலும் பனங்கட்டியிலும் பெரும்பகுதி சீனிதான். அம்மாவுக்கு நாங்கள் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திவிட்டோம்.

அடுத்த முறை வரும்போது ஒரு கருநிறப் பேணி கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், தயிருக்கு. தங்கச்சி திரும்பிப் போகும்போது இந்தப் பங்குனியில் காய்ச்சிய பாணியில் ஐந்து போத்தல் கட்டிக் கொடுத்தோம். முதல் நாள் இரவு போத்தல்களைத் துடைத்து வெள்ளைக் கடதாசி ஒட்டி நான்தான் எழுதினேன்: பூநகரி, பங்குனி, சீவியவர் அண்ணாவின் பெயர், காய்ச்சியவர் அம்மாவின் பெயர். நிறம் என்ற இடத்தில் பேனையை நிறுத்தி அம்மாவைப் பார்த்தேன். போத்தலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "கறுப்பு எண்டு எழுது" என்றார்.