வேலையோடு வரலாறு படிக்க: வெளிவாரியா, திறந்த பல்கலைக்கழகமா?

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கற்பலகை இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று ஒரே கல்லில் மூன்று மொழிகள். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்தார். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை என்ற ஊரின் கோயில் தெய்வமான தெனாவரை நாயனாருக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபில். 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். மகளுக்குத் துணையாக நூதனசாலைக்குப் போன நான், அதன் தமிழ் வரிகளை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, என் மொழியே எனக்குப் பிடிபடாமல் நின்றேன். அப்போது எனக்கு வயது 41. வெள்ளவத்தையில் வாடகை வீடு, கணக்குப் பிரிவில் வேலை. வரலாற்றை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

என்னைப்போல் வேலை, பிள்ளைகள், வயது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு படிக்க நினைப்பவர்கள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

பல்கலைக்கழகத்துக்கே தினமும் போய்ப் படிக்கும் உள்வாரிப் படிப்பை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் தமிழிலும் படிக்கலாம், கட்டணம் இல்லை. நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் என்றால் ஆய்வுக்கட்டுரையும் எழுதலாம். தேசிய சுவடிக்கூடமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள், அதாவது காணிப் பதிவேடுகள், இருக்கும் இடம் அது. ஆனால் அனுமதி, பள்ளி இறுதிப் பரீட்சையான உயர்தரத்தின் இசட் புள்ளியில், அதாவது மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணிக்கும் புள்ளியில், தங்கியிருக்கிறது. மூன்று தடவைக்கு மேல் எழுதிய பெறுபேறு கணக்கில் எடுக்கப்படுவதில்லை. அதற்கும் மேல், விரிவுரைகள் வார நாட்களில். சம்பளத்தை நம்பி வீடு நடத்துகிறவருக்கு இது பெரும்பாலும் எட்டாது.

மிஞ்சுவது இரண்டு: பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் பதிந்து, வீட்டிலிருந்து படித்துப் பரீட்சை எழுதும் வெளிவாரிக் கலைமாணிப் பட்டம், நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகம்.

நுழைவில் திறந்த பல்கலைக்கழகம் தாராளமானது. வெளிவாரிக்கு உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்திலோ உயர்தரம் இல்லாதவர்களும் அடிப்படைக் கற்கைநெறியை முடித்து, அந்த வழியாகப் பட்டப் படிப்புக்குப் போகலாம். போர்க்காலத்தில் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு வந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு நான் யோசிக்காமல் நாவலையைத்தான் காட்டுவேன்.

ஆனால் படிக்கும் பாடத்தைப் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் பட்டம் சமூக விஞ்ஞானங்கள் என்ற பரந்த பெயரில் வருகிறது. வரலாறே வேண்டும் என்பவர்கள் பணம் கட்டுமுன் பாடப் பட்டியலை வரி வரியாகப் பார்க்க வேண்டும். வெளிவாரிப் பட்டத்தில் வரலாற்றைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம். ஆனாலும் பொதுப் பட்டம் மூன்று பாடங்களைக் கொண்டது. வரலாறு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அதற்குத் துணையாகத் தேர்ந்தெடுங்கள். நான் தமிழையும் புவியியலையும் எடுத்தேன். அந்தக் கல்லை வாசிக்கத் தமிழும் வேண்டும், தெனாவரை எங்கே இருந்தது என்று தெரியப் புவியியலும் வேண்டும்.

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது அடுத்த விடயத்தைத்தான்: நீங்கள் எழுதுவதை யார் வாசித்துத் திருத்துகிறார்கள்? திறந்த பல்கலைக்கழகத்தில் தொடர் மதிப்பீட்டு ஒப்படைகள் உண்டு, நேரடி வகுப்புகளும் உண்டு. எழுதிக் கொடுத்தது திருத்தப்பட்டு வரும். வெளிவாரியில் பெரும்பாலும் பரீட்சைதான் முதலும் முடிவும். இந்தக் குறையை நிரப்பத்தான் கொழும்பில் தனியார் வகுப்புகள் நடக்கின்றன. அப்படியொரு வகுப்பில் நான் ஐந்து மாதம் இருந்தேன். பொலன்னறுவையின் வீழ்ச்சிக்கு ஏழு காரணங்கள் என்று ஒரு போட்டோகொப்பித் தாள் கொடுத்தார்கள். நாலாவது காரணத்துக்கு ஆதாரம் என்ன என்று கேட்டேன். "பரீட்சையில் அது வராது, அக்கா" என்றார் ஆசிரியர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தேன். எதற்கும் ஆதாரம் கேட்கத்தானே இந்த வயதில் பேனா எடுத்தேன்? மறு வாரம் நான் போகவில்லை.

காலக்கணக்கில் இரண்டும் ஒன்றுதான். பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி நேரப் படிப்பு. மொத்தம் 4,500 மணி நேரம். வாரத்துக்கு 15 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். "மூன்றே ஆண்டில் பட்டம்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள். வீட்டாரிடமும் இதே கணக்கைச் சொல்லுங்கள்; என் கணவருக்கு அது விளங்கிய பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவர் கைக்குப் போனது.

வெளிநாட்டுத் தொலைக்கல்வியையும் சிலர் கேட்கிறார்கள். கட்டணம் வெளிநாட்டு நாணயத்தில். 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது, பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். தமிழில் எழுதவும் வழியில்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நான் தெரிவு செய்தது பேராதனை வெளிவாரி, தமிழ் மொழிமூலம். திருத்த ஆளில்லாத குறையை வேறு விதமாகச் சமாளிக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவரிடம் கொடுக்கிறேன், "இதை எங்கே பார்த்தாய், பிள்ளை?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தருகிறார். சனிக்கிழமைகளில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். இரவில் 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளத்தில் பழைய தமிழ் இதழ்கள். அந்த ஆசிரியையைப் போல் திருத்தித் தர ஒருவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார் என்றால், பாடத்தில் சற்று விட்டுக்கொடுத்தாவது நாவலைக்குப் போங்கள்.

எந்தப் பக்கம் போனாலும், பதிவுப் பணம் கட்டுமுன் கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தமிழ் வினாத்தாளின் மொழி உங்களுக்கு விளங்குகிறதா, "காரணங்களைக் கூறுக" மட்டும் வருகிறதா, ஒரு கல்வெட்டையோ ஆவணத்தையோ கொடுத்து ஆராயச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். எனக்குக் கிடைத்த தாள்களில் ஒன்றில் அப்படியொரு கேள்வி இருந்தது. அன்று மாலையே விண்ணப்பத்தை நிரப்பினேன்.