38,600 சிங்கப்பூர் வெள்ளி போய்விட்டது: பழைய பட்டறை நிலத்தைச் சுத்தம் செய்யப்போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று முன்தினம் மதியம்தான் முழு உண்மையும் தெரியவந்தது. இதை எழுதும்போது கை இன்னும் நடுங்குகிறது. ஆற அமர எழுதலாம் என்று காத்திருந்தால் அதற்குள் வேறொருவர், மண்ணைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி என்னை ஏமாற்றிய அதே ஆளிடம் முன்பணம் கட்டிவிடுவார். எப்படி ஏமாறாமல் இருப்பது என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில், ஜூரோங்கில் எங்களுக்கு ஒரு சிறிய உலோகப் பட்டறை. அப்பா 1979-ல் தொடங்கியது. நிலம் குத்தகை, கட்டடம் எங்களுடையது. அப்பா போன பிறகு எடுத்து நடத்த ஆளில்லை. மிச்சமிருக்கும் குத்தகைக் காலத்தை ஓர் உணவு நிறுவனம் வாங்கிக்கொள்ள முன்வந்தது. பட்டறையை இடித்துவிட்டுப் பெரிய சமையற்கூடம் கட்டுவது அவர்கள் திட்டம். கைமாற்றுவதற்கு முன் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து அறிக்கை தர வேண்டும், மாசு இருந்தால் நீக்கிக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் இடத்தில் மாசு இருக்கும் என்று எனக்குத் தெரியும். உலோகப் பாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெயைப் போக்க, வடக்குச் சுவரோரம் ஒரு தொட்டியில் டிரைகுளோரோஎத்திலீன் வைத்திருந்தார்கள். அப்பா அதை ‘டிரைக்கோ’ என்பார். தலையைக் கிறங்க வைக்கும் இனிப்பு வாசனை. 1990-களின் நடுவில் நிறுத்திவிட்டோம். அப்பாவின் கணக்கு நோட்டில் பென்சிலால் ‘டிரைக்கோ 2 டிரம்’ என்று மாதாமாதம் எழுதியிருக்கிறார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நிறுவனங்களின் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையத்தளம் ஒன்றில் தேடினேன். நிறைய நட்சத்திரங்கள், நிறையப் பாராட்டுகள். ‘சோதனை முதல் சுத்திகரிப்பு வரை எல்லாம் நாங்களே’ என்று ஒரு நிறுவனம். மறுநாளே அதன் உரிமையாளர் வந்தார். தமிழர். வாசலில் நின்று, “அண்ணே, உள்ளே வரலாமா?” என்று கேட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அப்பாவின் பழைய கடைசல் இயந்திரம் நின்ற இடத்தில் குனிந்து, தரையைத் தொட்டுப் பார்த்தார். காலாங் எரிவாயு ஆலையைப் பற்றிச் சொன்னார். 1862-ல் தொடங்கி 1998 வரை நடந்தது, சீனர்கள் அந்த வட்டாரத்தை நெருப்பு நகரம் என்பார்கள், அந்த மண்ணையே சுத்தம் செய்துதான் வீடு கட்டப் போகிறார்கள், உங்கள் பட்டறை எம்மாத்திரம் என்றார். சொன்ன விவரம் எல்லாம் சரியாகவே இருந்தது. இவ்வளவு தெரிந்தவர் வேலையிலும் சுத்தமாக இருப்பார் என்று நம்பிவிட்டேன். நோட்டைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டார். காப்பிக்கடையில் தே தாரிக் குடித்தோம். என்னைப் பணம் கொடுக்க விடவில்லை. “உங்கள் அப்பா எனக்கும் அப்பா மாதிரி, அண்ணே. கறையில்லாமல் ஒப்படைக்கிறேன்” என்றார். அன்றைக்கே முன்பணம் கட்டினேன்.

சோதனைக்கு 12,600 வெள்ளி, மண்ணைத் தோண்டி மாற்றுவதற்கு 26,000 வெள்ளி. மொத்தம் 38,600.

துளையிட வந்தவர்கள் இரண்டு பேர். வடக்குச் சுவரோரம் பழைய கம்பிரஸரும் மரப்பலகைகளும் கிடந்தன. அதை நகர்த்த ஆளில்லை என்று சொல்லி, வாசல் பக்கம் நான்கு இடத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார்கள். மண்ணைச் சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் பைகளில் அள்ளி, லாரியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது பைகளின் உட்புறம் வியர்த்திருந்தது. நான் பார்த்தேன். கேட்டேன். “இதுதான் முறை, அண்ணே” என்றார் உரிமையாளர் தொலைபேசியில்.

அறிக்கை வந்தது. வாசலருகே டீசல் கசிவு, மற்ற இரசாயனங்கள் ‘கண்டறியப்படவில்லை’. வாசலில் லாரி நின்ற இடத்தைத் தோண்டினார்கள், மூன்று லாரி மண் போனது, செம்மண் கொட்டி மூடினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். 38,600 வெள்ளியும் போய்ச் சேர்ந்தது.

நேற்று முன்தினம் வாங்குபவரின் ஆலோசகர்கள் வந்தார்கள். அவர்கள் கம்பிரஸரை நகர்த்திவிட்டு வடக்குச் சுவரோரமே ஆறு மீட்டர் துளையிட்டார்கள். மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து உடனே ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்கள். தண்ணீரைச் சிறு குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, மூடி, தலைகீழாகப் பிடித்து, ஒரு காற்றுக் குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள் ஓர் இளம்பெண். ஏன் என்று கேட்டேன். டிரைகுளோரோஎத்திலீன் எளிதில் ஆவியாகிவிடும், வெயிலில் வைத்த பையில் ஒன்றும் மிஞ்சாது என்றாள். இன்னொன்றும் சொன்னாள்: அது தண்ணீரைவிடக் கனமானது. டீசல் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும், இது நீரையும் தாண்டிக் கீழே இறங்கிக் களிமண்ணின் மேல் தேங்கும். நாலரை மீட்டரில் குழாய் மேலே வந்தபோது அந்த இனிப்பு வாசனை. முப்பது வருடத்துக்குப் பிறகும் அதே வாசனை. கருவியின் அளவைப் பார்த்து அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது இது. இதன் ஆவி தரை விரிசல் வழியாக மேலே கட்டும் கட்டடத்துக்குள் வரும். அங்கேதான் சமையற்கூடம் வரவிருந்தது. வாங்குபவர் பேச்சை நிறுத்திவைத்துவிட்டார்.

அன்று மாலையே அந்த நிறுவன உரிமையாளரை அழைத்தேன். அலுவலகப் பெண் “சார் வேலைத்தளத்தில் இருக்கிறார்” என்றாள். ஒரு மணி நேரம் கழித்து, “சார் கூட்டத்தில் இருக்கிறார்.” இரவு பத்து மணிக்கு அவரே செய்தி அனுப்பினார். எங்கள் அறிக்கை சரிதான், உங்கள் வாங்குபவர்தான் அளவுக்கு மீறிக் கேட்கிறார் என்று. அண்ணே போய்விட்டது, ‘மிஸ்டர்’ வந்துவிட்டது. நோட்டைப் படம் பிடித்தீர்களே, வடக்குச் சுவர் என்று எழுதியிருந்ததே என்று கேட்டேன். இரண்டு நீலக் குறிகள், பதில் இல்லை. அறிக்கையில் பெயர் போட்டிருந்த ஆய்வுக்கூடத்துக்கு நேற்றுக் காலை நானே தொலைபேசி செய்தேன். அந்த எண்ணில் தாங்கள் அறிக்கை எதுவும் கொடுக்கவில்லை என்றார்கள்.

இணையத்தளத்துக்கு எழுதினேன். தாங்கள் அறிமுகம் மட்டுமே செய்து வைக்கிறோம், வேலை முடிந்து 14 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்று அச்சடித்தாற்போல் ஒரு பதில். நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனம் இரண்டு மணி நேரத்தில் காணாமல் போனது. சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றால் அங்கே வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. அவர் எதற்குச் சம்மதிப்பார்? என் 38,600 வெள்ளிக்கு வழக்கறிஞர்தான் வழி. அதற்கும் பணம் வேண்டும்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன். மூன்று மணிக்கு வழக்கறிஞரைப் பார்க்கப் போக வேண்டும், ஆகவே சுருக்கமாக: சோதிப்பவரும் சுத்தம் செய்பவரும் ஒரே ஆளாக இருக்க விடாதீர்கள். ஆய்வுக்கூட அறிக்கையில் சிங்லாஸ் (சிங்கப்பூரின் ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தாலும் கூடத்துக்கு நீங்களே தொலைபேசி செய்யுங்கள். எங்கே தொட்டி இருந்ததோ அங்கே துளையிடாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த மூன்று லாரி மண்ணை எங்கே கொண்டுபோனார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு தாளும் இல்லை. நச்சுக் கழிவு என்றால் உரிமம் பெற்றவர்கள்தான் எடுத்துப் போக வேண்டும், கணக்கு இருக்க வேண்டும். நாளை அது எங்காவது கண்டுபிடிக்கப்பட்டால் என் பட்டறை மண் என்றுதானே சொல்வார்கள்? இதே போன்ற வேலையில் உங்கள் மண் எங்கே போனது என்று விசாரித்து அறிந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.