மனநலக் காரணத்தால் ‘போர்டு அவுட்’: மேல்முறையீடா, மறு மெடிக்கல் போர்டா, தீர்ப்பாயமா?

மனநலக் காரணம் காட்டி ராணுவம் அனுப்பிவிட்ட ஒருவர் ஊர் திரும்பினால், வீட்டில் முதலில் கேட்பது நோயின் பெயரை. அடுத்து, ஊனம் எத்தனை விழுக்காடு என்று போட்டிருக்கிறார்கள் என்று. ஆனால் வழக்கு நிற்பதும் விழுவதும், நோயால் பணிக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்யும் மருத்துவர் குழுவான இன்வேலிடிங் மெடிக்கல் போர்டின் படிவத்தில் (ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16) உள்ள வேறொரு கட்டத்தில். நோய் பணியால் வந்ததா, பணியால் முற்றியதா, இரண்டும் இல்லையா என்று அதில் எழுதியிருக்கும். “இரண்டும் இல்லை” என்று எழுதிவிட்டால், அதே தாளில் 40 விழுக்காடு, வாழ்நாள் முழுவதற்கும் என்று இருந்தாலும் டிசபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) கிடைக்காது. அந்தக் கட்டத்தை மாற்ற மூன்று வழிகள் உண்டு: துறைக்குள் மேல்முறையீடு, மறு மெடிக்கல் போர்டு, ஆயுதப்படைத் தீர்ப்பாயம். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எது யாருக்குப் பொருந்தும் என்பது கையில் இருக்கும் தாள்களைப் பொறுத்தது.

முதலில் தாள்கள்

எந்த வழியில் போனாலும் இவை தேவை: டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழு நகல், சேர்க்கையின்போது நடந்த மருத்துவப் பரிசோதனைப் படிவம், மனநல மருத்துவரின் கருத்து, ராணுவ மருத்துவமனையின் கேஸ் ஷீட்டுகள், எந்தெந்த இடத்தில் எப்போது பணி என்ற போஸ்டிங் விவரம். இவற்றோடு ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10 என்ற படிவத்தையும் கட்டாயம் கேட்க வேண்டும். வீரரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பும்போது யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர் எழுதும் அறிக்கை அது. “முன்பு நல்ல வீரர், இந்த ஆண்டிலிருந்து மாற்றம்” என்று அதில் ஒரு வரி இருந்தால், மெடிக்கல் போர்டின் முடிவுக்கு எதிராக அதைவிட வலுவான சாட்சி வேறில்லை. பெரும்பாலான குடும்பங்கள் இந்தப் படிவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை, அதனால் கேட்பதும் இல்லை.

கேட்க வேண்டியது அந்தந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீசில். எளிய கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவது நடைமுறை. வெளியேறி 25 ஆண்டை நெருங்குகிறவர்கள் இன்னும் கேட்காமல் இருந்தால், இந்த வாரமே கேட்பது நல்லது.

துறைக்குள் மேல்முறையீடு

ஓய்வூதியம் மறுத்து வந்த கடிதத்தின் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடியானால் 6 மாதத்துக்குள் இரண்டாம் மேல்முறையீடு. செலவு தபால் செலவுதான், வழக்கறிஞர் தேவையில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள்.

இதில் ஒரு குறை உண்டு. போர்டு எழுதிய கருத்தை எடுத்துப் பார்ப்பதும் ராணுவ மருத்துவர்கள்தான். “நோய் பரம்பரையாக வருவது, பணியோடு தொடர்பில்லை” என்ற அதே வாக்கியத்தைத் திருப்பி எழுதி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. அப்படியானால் இந்தப் படி எதற்கு? இரண்டு காரணம். உள்ளே இருக்கும் வழிகளை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது 2007-ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 21-ஆம் பிரிவின் பொதுவிதி. இரண்டாவது, நல்ல மேல்முறையீடு தள்ளுபடியானாலும் அது பின்னால் வழக்கின் முதுகெலும்பாக நிற்கும். நாம் சொன்ன எந்தக் காரணத்துக்கும் அவர்கள் பதில் சொல்லவில்லை என்பது அந்தத் தாளிலேயே பதிந்துவிடும்.

கருணை கேட்கும் மனு இங்கே எடுபடாது. “குடும்பம் கஷ்டப்படுகிறது, பார்த்துச் செய்யுங்கள்” என்று மூன்று பக்கம் எழுதுவதைவிட, மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டியின் எந்தச் சூழலுக்குள் இந்த வழக்கு வருகிறது என்று ஒரு பக்கம் எழுதுவது மேல்.

2002-ல் வந்து 2008-ல் திருத்தப்பட்ட அந்த வழிகாட்டியில் 54-ஆம் பத்தி மனநோய்களைப் பற்றியது. போர்முனை, கிளர்ச்சி ஒடுக்கும் பகுதி, உயர்மலைப் பகுதி, மிகத் தனிமையான காவல்நிலை, கடற்பணி ஆகியவற்றில் இருக்கும்போது நோய் தொடங்கினால் அது பணியால் வந்தது என்று ஏற்க வேண்டும். உயிரிழப்பு நேர்ந்த ராணுவ வண்டி விபத்து, விமான விபத்து, பேரிடர் மீட்பில் பிணங்களுக்கு நடுவே வேலை செய்தது ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. பலரும் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது: பணிக் காரணத்துக்காக விடுப்பு மறுக்கப்பட்டு 3 மாதத்துக்குள் நோய் வந்தால், அது பணியால் முற்றியதாகக் கருதப்படும். ஒரே மகனாக இருந்து பெற்றோர் இறந்தபோது, மனைவியோ குழந்தையோ இறந்தபோது, தந்தை இல்லாத வீட்டில் ஒரே அண்ணனாக இருந்து தங்கை கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டபோது மறுத்தார்களா என்று வீட்டில் உட்கார்ந்து தேதி வாரியாக எழுத வேண்டும். விடுப்புப் பதிவு ரெக்கார்டு ஆபீசில் இருக்கும். இறப்புச் சான்றிதழ் நம்மிடம் இருக்கும். இரண்டு தேதியையும் கேஸ் ஷீட்டில் நோய் முதலில் குறிக்கப்பட்ட தேதியையும் அருகருகே வைத்தால் போதும்.

நோய் தெரிந்த பிறகு, “ஆயுதம் கொடுக்காதே, உயர்மலைக்கு அனுப்பாதே” என்ற கட்டுப்பாடு இருந்தும் அங்கேயே அனுப்பியிருந்தால், அதுவும் முற்றியதாக ஏற்கப்படும். ‘ஷேப்’ என்ற மருத்துவ வகைப்பாட்டில் முதல் எழுத்தான ‘எஸ்’ மனநலத்தைக் குறிக்கிறது; எண் கூடக்கூடத் தகுதி குறையும், எஸ்-5 என்றால் பணிக்கே தகுதியில்லை. எஸ்-3 போட்ட தேதிக்குப் பிந்தைய போஸ்டிங்குகளைப் பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும்.

2023 செப்டம்பர் 21 முதல் ஊன ஓய்வூதியத்துக்குப் புதிய தகுதி விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பின் வெளியேறியவர்கள் பழைய பத்தி எண்ணை மேற்கோள் காட்டினால் மனு பலவீனமாகும். எந்தத் தேதியில் வெளியேறினாரோ அந்தத் தேதியின் விதிகளைத்தான் காட்ட வேண்டும்.

மறு மெடிக்கல் போர்டு

விழுக்காடு குறைவாகப் போட்டுவிட்டார்கள், அல்லது நோயின் பெயரே தவறு என்றால் இதுதான் நேர்வழி. மனச்சோர்வு என்று எழுதி அனுப்பியவருக்குப் பின்னால் பைபோலார் என்று உறுதியாகியிருக்கலாம். அப்போது இடைப்பட்ட காலத்துச் சிகிச்சைத் தாள்கள் எல்லாம் வேண்டும். வெறும் மருந்துச் சீட்டு போதாது, அரசு மருத்துவமனையின் உள்நோயாளிப் பதிவு இருந்தால் எடை கூடும்.

ஆனால் நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்புதான் சிக்கல் என்றால், இதை முதல் ஆயுதமாக எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். போர்டு அன்றைக்கு ஆளைப் பார்க்கிறது. சிகிச்சையால் தேறி, ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, தெளிவாகப் பேசுகிறவருக்கு விழுக்காடு இறங்கும் ஆபத்து உண்டு. 2001-ல் வந்த பாதுகாப்பு அமைச்சக உத்தரவின்படி, நிரந்தர ஊனம் என்று ஒருமுறை தீர்மானித்தால் அது வாழ்நாளுக்கும் செல்லும், வீரரே கேட்டால்தான் மறுபரிசீலனை. அதாவது, நாமே போய்க் கதவைத் தட்டித் திறந்துவிட்டால் மூடுவது கடினம். ஏற்கெனவே டிசபிலிட்டி பென்ஷன் வாங்குகிறவர் இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று போவதற்கு முன், ரவுண்டிங் விதியைக் கணக்கில் எடுக்க வேண்டும்: நோயால் அனுப்பப்பட்டவருக்கு 50-க்குக் கீழ் எதுவானாலும் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் கணக்கிடுகிறார்கள். 30-ஐ 40 ஆக்கிப் பயனில்லை, இரண்டும் 50-தான்.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம்

இங்கே ஒரு நீதித்துறை உறுப்பினரும் ராணுவ நிர்வாகம் தெரிந்த ஒருவரும் அமர்ந்து கேட்கிறார்கள். முன்னாள் வீரர் தான் வசிக்கும் இடத்து அமர்விலேயே மனு போடலாம், தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை. மேல்முறையீட்டில் இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் வர வேண்டும். மேல்முறையீடு போட்டு 6 மாதமாகியும் பதிலே இல்லையென்றால், பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த 6 மாதத்துக்குள் நேராக வந்துவிடலாம். “பதில் வரட்டும்” என்று ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு.

காலம் கடந்திருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளத் தனி மனு போட வேண்டும். மனநோயாளிக்கு அந்த நோயே நியாயமான காரணம், ஆனால் மருத்துவத் தாளோடு சொல்ல வேண்டும். ஓய்வூதியம் மறுப்பதைத் தொடர்ந்து நடக்கும் தவறாகக் கருதி, பழைய வழக்குகளையும் ஏற்கிறார்கள். நிலுவைத் தொகை மட்டும் பொதுவாக மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டோடு நின்றுவிடும். 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு அது. ஒவ்வொரு மாதத் தாமதமும் ஒரு மாத நிலுவையைத் தின்கிறது.

தீர்ப்பாயத்தின் பலம், போர்டின் கருத்துக்குக் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று அது கேட்கும் என்பது. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கு இதற்கு அடித்தளம்: சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் பதியப்படவில்லை என்றால் நலமாகச் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது. ஆனால் மனநோய் வழக்குகளில் அது தானாக வேலை செய்வதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனச்சிதைவு நோய்க்காக அனுப்பப்பட்ட மூன்று பேரின் வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் மூன்று விதமாக முடிந்தன. 2013-ல் வீர்பால் சிங் வழக்கில், போர்டு காரணம் சொல்லவில்லை என்று மறு மெடிக்கல் போர்டுக்கு உத்தரவிட்டார்கள். 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கு தள்ளுபடியானது: சில ஆண்டுகளே பணி, அமைதிப் பகுதியில் வண்டி மெக்கானிக் வேலை, நோயைத் தூண்டும் பணிச்சுமை எதுவும் காட்டப்படவில்லை, சேர்க்கைப் பரிசோதனையில் மனநோய் தெரியாமல் போகக்கூடும் என்றும் நீதிமன்றம் சொன்னது. 2025-ல் ராஜுமோன் வழக்கில், காரணமில்லாத போர்டு கருத்தை ஒதுக்கி, திரும்பவும் போர்டுக்கு அனுப்பாமல் ஓய்வூதியமே வழங்கினார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் மனுவை எப்படி எழுதுவது என்பது தெரியும். காரணம் எழுதவில்லை என்ற சட்டக்குறையை மட்டும் நம்பாமல், பணிச்சுமை என்ன என்பதையும் தேதியோடு வைக்க வேண்டும். நலமாகச் சேர்ந்தார் என்றே கொள்ளும் இந்த அனுமானம் 1982 தகுதி விதிகளில் இருந்தது; பின்வந்த 2008, 2023 விதிகளில் அதே வடிவில் இல்லாததால் புதிய வழக்குகளுக்கு இது இன்னும் அவசியம்.

திரும்பப் பணியில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமா? எஸ்-5 போட்டு முறையாகப் போர்டு நடந்திருந்தால் அந்தக் கோரிக்கை வழக்கையே பலவீனமாக்கும். இன்வேலிடிங் போர்டே இல்லாமல் பணி முடித்துப் போகிறவர்களுக்கு நடத்தும் ரிலீஸ் மெடிக்கல் போர்டை மட்டும் வைத்து அனுப்பியிருந்தால் மட்டும் பேச இடமுண்டு. 2008-ல் ராஜ்பால் சிங் வழக்கில் அப்படிப்பட்ட வெளியேற்றம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நோயே பதிவில் இல்லாதபோது

மிகவும் வேதனையான வகை இது. மனச்சோர்வில் குடி, விடுப்பு முடிந்தும் திரும்பாமை, மேலதிகாரியிடம் சண்டை, பணிப் பதிவில் சிவப்பு மையில் ஏறும் நான்கு ‘ரெட் இங்க்’ தண்டனை, கடைசியில் “பணி தேவையில்லை” என்று டிஸ்சார்ஜ். மெடிக்கல் போர்டின் மனநலக் கருத்தே இருக்காது. இங்கே முதல் இரண்டு வழிகளும் பயன்படாது. எதிர்க்க வேண்டியது டிஸ்சார்ஜ் உத்தரவை. ராணுவச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி புகார் மனு, பிறகு தீர்ப்பாயம். நான்கு தண்டனை சேர்ந்தது என்பதற்காக மட்டும் இயந்திரம்போல அனுப்பக்கூடாது, முன்விசாரணை நடத்தி பணிக்காலம், கடினமான இடங்களில் பணி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று 2015-ல் வீரேந்திர குமார் தூபே வழக்கில் தீர்ப்பு வந்தது. தண்டனைகள் எல்லாம் ஒரு குறுகிய காலத்தில் குவிந்திருக்கின்றனவா, அதற்குச் சற்று முன் எந்தப் பகுதியில் இருந்தார், ராணுவ மருத்துவமனையில் தூக்கமின்மை, பதற்றம் என்று ஒரு முறையாவது காட்டினாரா என்று பாருங்கள். வெளியே வந்தபின் மனநல மருத்துவர் தரும் சான்று, நோய் எப்போது தொடங்கியிருக்கும் என்று சொல்லாவிட்டால் உதவாது. “இப்போது நோய் இருக்கிறது” என்பது போதாது.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பாயத்தில் தோற்றால், 2023-ல் பர்ஷோத்தம் தாஸ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடும் வழி தெளிவாகத் திறந்திருக்கிறது. அதே கதவு அரசுக்கும் திறந்திருப்பதால், வென்றவர்களும் சில காலம் காத்திருக்க நேரலாம். உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால் நிறைவேற்றக் கோரும் மனுவைத் தீர்ப்பாயத்திலேயே போட வேண்டும்.

புதிய பென்ஷன் உத்தரவு, பாதுகாப்புத் துறையின் இணைய ஓய்வூதியத் தளமான ‘ஸ்பர்ஷ்’-ல் ஏறியதும் மூன்றைச் சரிபாருங்கள்: சர்வீஸ் எலிமென்ட் (பணிக்கான பகுதி), டிசபிலிட்டி எலிமென்ட் (ஊனத்துக்கான பகுதி) இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா, ரவுண்டிங் செய்த விழுக்காடு வந்திருக்கிறதா, வருமான வரி பிடிக்கிறார்களா. நோயால் அனுப்பப்பட்டவரின் டிசபிலிட்டி பென்ஷனில் இரண்டு பகுதிக்கும் வரிவிலக்கு உண்டு. ஓய்வூதியம் உறுதியானவுடன் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். உறுப்பினர் அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருந்துகள் ஆண்டுக்கணக்கில் தொடர்பவை என்பதால் பல குடும்பங்களுக்கு நிலுவைத் தொகையைவிட இது பெரிய உதவி.