மாங்கூழ் ஆலைக் கணக்கில் மைஎஸ்க்யூஎல்: உள் குவெரி படுத்தும் பாடு

கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் சீசன் வந்தால் பெங்களூரா ரக மாம்பழ லோடு வரிசை கட்டி நிற்கும். எடைச் சீட்டு, டன் ரேட்டு, விவசாயி பட்டுவாடா மூன்றையும் மைஎஸ்க்யூஎல் 5.7-இலும் பிறகு 8.0-இலும் பல சீசன் ஓட்டியாயிற்று. டேட்டாபேஸைக் குறை சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் குவெரிக்குள், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்குள், இன்னொரு குவெரி (உள் குவெரி) நுழையும்போதுதான் வம்பு.

அதிகம் வருவது எரர் 1242. உள் குவெரி ஒரு வரிசை தர வேண்டிய இடத்தில் இரண்டு தந்துவிட்டது. காலையில் ஒரு ரேட்டு, மதியம் விலை இறங்கியதும் இன்னொன்று பதிவானால் போதும். ரகத்தையும் தேதியையும் மட்டும் பார்க்கும் உள் குவெரி அன்றைக்கு விழும். நேற்று வரை ஓடிய குவெரியைக் குடைந்து பயனில்லை, மாறியது டேட்டா. ரகம், தேதி இரண்டிலும் குரூப் பை (GROUP BY) போட்டு, ஹேவிங்கில் (HAVING) கவுண்ட் 1-க்கு மேல் என்று கேட்டால் இரட்டைப் பதிவு சிக்கிவிடும். வெறும் லிமிட் 1 போட்டால் எரர் போகும், எந்த ரேட்டு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எடை போட்ட நேரம் வரைக்குமான ரேட்டுகளைப் புதியது மேலே வர அடுக்கி, அதற்குப் பிறகே லிமிட் 1.

மைஎஸ்க்யூஎல் குவெரிகளை எழுதி ஓட்டும் வொர்க்பெஞ்ச் மென்பொருளில் சரியாக ஓடி, முழு எக்ஸ்போர்ட்டில் மட்டும் 1242 வருகிறதா? வொர்க்பெஞ்ச் தானாகவே 1000 வரிசையோடு நிறுத்திக்கொள்ளும். இரட்டை ரேட்டு 1001-க்கு அப்பால் இருக்கலாம்.

1248 என்றால் ஃப்ரம்மில் (FROM) உள்ள உள் குவெரிக்குப் பெயர் வைக்கவில்லை, வைத்தால் தீர்ந்தது. அப்டேட் செய்யும் டேபிளையே உள் குவெரியில் படித்தால் 1093. இன்னொரு செலக்டுக்குள் பொதிந்து தப்பிக்கலாம் என்பார்கள். 5.7-இலிருந்து, குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் ஆப்டிமைசர் அந்தப் பொதியைப் பிரித்து வெளிக் குவெரியோடு சேர்த்துவிடுவதால் அதே எரர் திரும்ப வரும். பொதிக்குள் டிஸ்டிங்க்ட் போட்டால் பிரிக்காது.

எண்ணோடு வரும் எரர் நல்லது. எண்ணே வராத இரண்டுதான் பணத்தில் கை வைக்கும்.

முதலாவது நாட் இன் (NOT IN). பணம் போகாத விவசாயிகளைத் தேட, பட்டுவாடா டேபிளில் இல்லாத ஐடிகளைக் கேட்கிறோம். ஏஜென்ட்டுக்குத் தந்த அட்வான்ஸ் ஒன்று விவசாயி ஐடி இல்லாமல், நல் (NULL, மதிப்பே இல்லாதது) ஆகப் பதிவாகியிருந்தால், பதில் பூஜ்யம் வரிசை. யாருக்கும் பாக்கியே இல்லை என்று ரிப்போர்ட் சொல்லும்! நல்லோடு ஒப்பிட்டால் ஆம், இல்லை இரண்டும் வராது என்பதே காரணம். நாட் எக்சிஸ்ட்ஸ் என்று மாற்றி எழுத வேண்டும்.

இரண்டாவது இதைவிட மோசம். லோடு டேபிளில் பத்தியின் (column) பெயர் சீட்டு_எண், ரத்து டேபிளில் வெறும் சீட்டு. ரத்தான சீட்டுகளை லோடு டேபிளிலிருந்து நீக்கும் டெலீட்டின் உள் குவெரியில் மறந்துபோய் சீட்டு_எண் என்று எழுதினால் எரர் வராது. உள்ளே அந்தப் பெயர் இல்லாததால் வெளி டேபிளின் பத்தியை எடுத்துக்கொள்ளும். ரத்து டேபிளில் ஒரே ஒரு வரிசை இருந்தாலும் லோடு டேபிள் மொத்தமாகக் காலி. பத்திக்கு முன்னால் ர.சீட்டு_எண் என்று ரத்து டேபிளின் அலியாஸைச் (குறும்பெயரை) சேர்த்திருந்தால் 1054 வந்து நின்றிருக்கும். டெலீட்டுக்கு முன் அதே வேர் (WHERE) பகுதியோடு செலக்ட் கவுண்ட் ஓட்ட அரை நிமிடம் ஆகாது.

அடுக்கு இரண்டைத் தாண்டினால் 8.0-இல் வித் (WITH) போட்டுத் துண்டு துண்டாக எழுதி, ஒவ்வொன்றையும் தனியே ஓட்டிப் பார்க்கலாம். 5.7-இல் வித் கிடையாது, 5.7-க்கான ஆதரவும் 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது.