நம்ம பையனா, லைசென்ஸ்காரரா, கையெழுத்து மட்டுமா? வீட்டு வயரிங் ஓர் ஒப்பீடு

பெருந்துறை, அவிநாசி, பல்லடம் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு வயரிங் வேலைக்கு மூன்று வழி வந்து நிற்கும். முதலாவது, மேஸ்திரி கையோடு கூட்டி வரும் "நம்ம பையன்". தறிக்குடோனில் மோட்டார் மாட்டிப் பழகியவன். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று பேசி மளமளவென்று முடித்துவிடுவான். இரண்டாவது, மின் உரிமம் வாங்கிய கான்ட்ராக்டர். மூன்றாவது வழியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வேலை பையனுடையது, ஈபி ஆபீசுக்குக் கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டும் ஒரு லைசென்ஸ்காரருடையது. அவர் அந்த வீட்டு வாசலை மிதித்தே இருக்க மாட்டார்.

மூன்றிலும் மோசம் மூன்றாவதுதான் என்பது என் கட்சி. பையன் போட்ட வயரிங் என்று தெரிந்தால், சுவரில் சுருக்கென்று அடிக்கும்போது சந்தேகமாவது வரும். காகிதம் சுத்தமாக இருந்தால் "லைசென்ஸ் வெச்சுத்தானுங்க பண்ணுனோம்" என்று சொல்லிவிட்டு ஃபிரிட்ஜைக் குறை சொல்வோம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, புதிதாக வயரிங் போடுவது, இருப்பதோடு சேர்ப்பது, மாற்றுவது எல்லாம் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். பழைய பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்சை எடுத்துவிட்டு அதே மாதிரி புதியது மாட்டுவதற்கு விலக்கு உண்டு. ஆகவே ஃபேன் மாட்டப் பையனைக் கூப்பிடுவதில் தப்பே இல்லை. மாடி ரூமுக்கு ஏசி பாயிண்ட் புதிதாக இழுப்பது வேறு சங்கதி.

சான்றிதழிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேனுக்கும் சூப்பர்வைசருக்கும் தனித்தனியாகத் தகுதிச் சான்று கொடுக்கிறது. கான்ட்ராக்டர் உரிமம் அதற்கும் மேல். "அவரு ஈபியில லைன்மேனுங்க" என்பது இந்த மூன்றிலும் சேராது. லைன்மேனுக்குத் தெரிந்த வேலை மீட்டர் வரைக்கும். மீட்டருக்கு அப்புறம் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஐடிஐ படித்திருக்கிறார் என்பதும் நல்ல செய்திதான், ஆனால் உரிமம் ஆகாது. உரிமத்தின் நகலைக் கேளுங்கள், புதுப்பித்த தேதியைப் பாருங்கள். காட்டக் கூச்சப்படுகிறவர் பெரும்பாலும் இல்லாதவர்.

காகிதம் போகட்டும், வேலையைப் பார்ப்போம். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), கறுப்பு நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்), பச்சை எர்த்து (கசியும் கரண்டை மண்ணுக்கு அனுப்பும் வயர்). கான்ட்ராக்டர் இந்த வரிசையை மாற்ற மாட்டார். பையன் கையில் பச்சைச் சுருள் மிச்சம் இருந்தால் அதையே ஃபேஸாக இழுத்துவிடுவான். பத்து வருசம் கழித்து வேறொருவன் பச்சைதானே என்று வெறுங்கையில் தொடுவான். வயர் கனமும் அப்படித்தான். லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்பது வழக்கமான கணக்கு. லைட்டுக்குப் போகிற வயரிலேயே ஒரு ஹீட்டர் பிளக்கையும் தொங்கவிட்டிருந்தால் அது தெரியாதவன் வேலை.

சுவிட்ச் ஃபேஸில் இருக்க வேண்டும். நியூட்ரலில் கொடுத்திருந்தாலும் லைட் எரியும், அணையும். அதனால் யாருக்கும் தெரியாது. அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். பல்பு மாற்றும்போது அடித்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பிளக்கை எதிரில் நின்று பார்த்தால் மேலே பெரிய ஓட்டை எர்த்து, வலது கை ஃபேஸ், இடது கை நியூட்ரல். நாலைந்து பிளக்கில் டெஸ்டர் வைத்துப் பார்த்தால் போட்டவர் யோக்கியதை பாதி புரிந்துவிடும்.

அடுத்து டிபி, அதாவது வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி. எல்லா எம்சிபியும் (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) 32 ஆம்பியராக வரிசை கட்டியிருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். எம்சிபி இருப்பது முதலில் வயரைக் காப்பாற்ற. லைட் லைனுக்கு 6 அல்லது 10, பவருக்கு 16, ஏசிக்கு 20 என்று வயருக்குத் தகுந்தபடி இறங்கி வர வேண்டும். "அடிக்கடி விழுதுங்களா? பெருசா மாத்தி உட்டர்லாமுங்க" என்று ஒருவர் சொன்னால், காசைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். விழுவதற்குக் காரணம் தேடுகிறவர்தான் வேலை தெரிந்தவர்.

எர்த்துதான் விசயமே. இதில் கொங்கு மண்ணும் ஒரு கட்சிக்காரர். கோபிப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் மண் ஈரம் காக்கும். காங்கயம், தாராபுரம், பல்லடம் மேட்டுக்காட்டில் கொஞ்சம் தோண்டினாலே சுக்காங்கல், அதற்குக் கீழே பாறை. பைப் எர்த்து என்றால் 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப் முழுசாக மண்ணுக்குள் இறங்க வேண்டும். பாறை தட்டியதும் பையன் பைப்பை அறுத்து, மேலே சிமெண்ட் பூசி மூடிவிடுவான். வெளியே பார்க்க எல்லா எர்த்தும் ஒன்று போலத்தான் இருக்கும். நல்ல கான்ட்ராக்டர் வேறு இடம் பார்ப்பார், இல்லாவிட்டால் இரண்டு குழி போட்டு இணைப்பார். எர்த்து டெஸ்டரில் ஓம் கணக்கு (எர்த்தின் தடை, குறையக் குறைய நல்லது) எடுத்து எழுதியும் வைப்பார். சித்திரை வெயிலில் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டும் போவார்.

அந்த ஓம் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு வகுத்தல் போதும். மேட்டுக்காட்டு எர்த்து 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ் பாடியில் ஃபேஸ் பட்டால் 230-ஐ 50-ஆல் வகுத்து 4.6 ஆம்பியர் மண்ணுக்குள் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சட்டை செய்யாது. ஏதோ இஸ்திரிப்பெட்டி ஓடுகிறது என்று விட்டுவிடும். ஃபிரிட்ஜ் கைப்பிடியில் கிட்டத்தட்ட முழு 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் லைனை அணைக்கும் கருவியான 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் அந்த நொடியே விழுந்துவிடும். தமிழ்நாட்டில் புது வீட்டு இணைப்புக்கு இந்தக் கருவி கட்டாயம் என்று விதி வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஆர்சிசிபி இருந்தும் இல்லாத வீடுகள் உண்டு. எர்த்து வயர் இழுக்கச் சோம்பி, பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரில் கோத்துவிடும் கெட்ட பழக்கம் பல பேரிடம் இருக்கிறது. எங்கோ நியூட்ரல் விட்டுப்போனால் ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் பாடி மூன்றிலும் கரண்ட் ஏறும். இப்படிக் கோத்த வீட்டில் எங்காவது நிஜ எர்த்தும் அதோடு சேர்ந்துவிட்டால் ஆர்சிசிபி நிற்காது, சும்மா சும்மா விழும். அப்போது பையன் அதைத் தாண்டி நேராக இணைத்துவிட்டு, "இனி விழுகாதுங்க" என்பான். பெட்டியில் கருவி இருக்கும், டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழக்கூடச் செய்யும். வீட்டு லைன் மட்டும் அணையாது. பட்டன் அமுக்கும்போது லைட்டும் ஃபேனும் அணைகின்றனவா என்று பாருங்கள். அணைந்தாலும் கருவி வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். எர்த்து நன்றாக இருக்கிறதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது.

இன்வெர்ட்டரையும் சொல்லியாக வேண்டும். 2012 வாக்கில் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் நம் பக்கம் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. பேட்டரி விற்ற கடைப் பையனே கனெக்சனும் கொடுத்துவிட்டுப் போனான். அந்த வீடுகளில் மெயினை அணைத்தாலும் சில போர்டுகளில் உயிர் இருக்கும். எந்த லைன் இன்வெர்ட்டர் என்று டிபியில் எழுதி ஒட்டாத வேலை எதுவானாலும் நான் அரைகுறை என்றே சொல்வேன்.

கூலி வித்தியாசம் நிஜம்தான். கான்ட்ராக்டர் கூடத்தான் கேட்பார். ஆனால் பையன் சொல்லும் ரேட்டில் எர்த்துக் குழி, ஆர்சிசிபி, கனமான வயர் எல்லாம் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் பாதி கரைந்துவிடும். ஆர்சிசிபி சாதாரண வீட்டுக்கு இரண்டாயிரத்துக்கு முன்பின் ஆகும். வாசக்காலுக்குப் பாலிஷ் போடுவதற்கே அதைவிடக் கூடப் போகிறது.

கையில் காசு இறுக்கம் என்றால் மூன்றாவது வழியையே நேராக்கிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடும் லைசென்ஸ்காரரிடமே முன்கூட்டிப் பேசுங்கள்: பையன் வேலை செய்யட்டும், நீங்கள் மூன்று தடவை வந்து போங்கள். சென்ட்ரிங்கில் பைப் போட்டதும் கான்கிரீட்டுக்கு முன்னால் ஒரு தடவை, வயர் இழுத்து, போர்டு மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை, கடைசியாக டெஸ்டுக்கு. அந்தக் கடைசி நாளில் 500 வோல்ட் மெக்கரை (வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்து எடுக்கும் அளவு ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. ரீடிங்கை வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்த பிறகே ரிப்போர்ட்டில் ஏற வேண்டும். "மெக்கரெல்லாம் எதுக்குங்க, நா பாத்துக்கறனுங்க" என்று அவர் சொன்னால், அடுத்த கான்ட்ராக்டர் நம்பரைத் தேடுங்கள்.