முராபஹாவா, முளாரபாவா: மண்ணடி வியாபாரிக்கு எது தோது?

வட்டிக்கு வாங்கக் கூடாது என்று முடிவெடுத்த வியாபாரிக்குப் பழைய ஃபிக்ஹில் (இஸ்லாமியச் சட்டவியலில்) முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. முராபஹாவில் பணம் போடுபவர் சரக்கை வாங்கி, அடக்க விலையையும் தன் லாபத்தையும் சொல்லியே தவணைக்கு விற்கிறார். முளாரபாவில் ஒருவர் போடுவது முதல் பணம், மற்றவர் போடுவது உழைப்பு; லாபத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

முராபஹா சுலபம்தான். தவணை தவறினாலும் விலையை ஏற்ற முடியாது. கையில் இல்லாதவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன் 2:280. மெஷின் வாங்கவும், கணக்கைக் காட்ட மனமில்லாதவருக்கும் இதுவே பொருத்தம். ஆனால் விற்பதற்கு முன் சரக்கு பணம் போட்டவர் பொறுப்பில் இருந்தாக வேண்டும். எரிந்தால் அவருக்கு நட்டம். பில் மட்டும் கைமாறி, சரக்கு முன்னாடியே வாங்குபவர் குடோனில் கிடந்தால் அது வட்டிதான், சட்டை மட்டும் வேறு. நம் வங்கிகளிடம் இதைக் கேட்டும் பயனில்லை: 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அவை சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது.

என் ஓட்டு முளாரபாவுக்கு. நட்டக் கணக்கு ஒன்றே போதும். முதல் 10 லட்சம், லாபம் 60:40 என்று வைப்போம். 8.8 லட்சத்துக்கு இரும்புச் சரக்கு. லாரி, ஏற்றுகூலி, குடோன் வாடகை 1.2 லட்சம். விற்று 12 லட்சம் வந்தால் முதலை எடுத்து வைத்துவிட்டு மீதி 2 லட்சத்தைப் பிரிக்கலாம்: முதல் போட்டவருக்கு 1.2 லட்சம், உழைத்தவருக்கு 80 ஆயிரம். 9 லட்சம்தான் வந்ததா? குறைந்த லட்சம் முழுக்க முதல் போட்டவருடையது. உழைத்தவருக்குப் பாடுபட்டது வீண். அவர் அசட்டையாக இருந்திருந்தால், பேச்சை மீறியிருந்தால் மட்டுமே பொறுப்பு அவர் தலையில்.

“லட்சத்துக்கு மாசம் 2,000 நிச்சயம்” என்று சேர்த்த நிமிடமே ஒப்பந்தம் செல்லாது. ஊரில் ‘ஹலால் லாபம்’ என்று ஓடுவதில் பாதி இந்த ரகம். மாதாமாதம் கொடுத்தால் முன்பணமாக எழுதி, கடைசியில் நேர் செய்ய வேண்டும்.

செலவுப் பட்டியலையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். கொள்முதலுக்கு வெளியூர் போனால் சாப்பாடும் டிக்கெட்டும் முதல் பணத்தில் கழியும் என்பது ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) நிலை. இன்னொரு மத்ஹபான ஷாஃபியில் வலுவான கருத்து, கழியாது. பெரியமேட்டில் தோலை வாங்கிப் பதனிட்டு விற்பதென்றால் சிக்கல் இன்னும் பெரிது. ஷாஃபி மத்ஹபில் இந்த ஒப்பந்தம் வாங்கி விற்பதற்கு மட்டும், ஹனஃபியில் தாராளம். ஷாஃபியான மரைக்காயரும் ஹனஃபியான ராவுத்தரும் கூட்டு சேர்ந்தால் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுவிட்டே கையெழுத்து போடட்டும்.

சண்டை பெரும்பாலும் விற்காத சரக்கில்தான் வருகிறது. கணக்கு முடிக்கும் நாளில் அதற்கு விலை போட மூன்றாவது வியாபாரி யார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.