"கை பழகவில்லை" என்று சொல்லியே என்னிடம் பழைய ஸ்க்ரோல் சா-வைத் தள்ளிவிட்டார்கள்

மரத்தில் பறவை, பூ, பெயர்ப்பலகை என்று நெளிவு நெளிவாக அறுத்தெடுக்க ஆசைப்பட்டு ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தை அறுக்கும் மின்இயந்திரம்) வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். வாங்கிய மூன்றாவது மாதம் இயந்திரத்தைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டேன். இந்த வேலை நமக்கு வராது என்று முடிவே கட்டிவிட்டேன். குறை என் கையில் இல்லை, விற்ற பொருளில் இருந்தது என்று தெரிந்தபோது பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடு எப்போதோ தாண்டியிருந்தது.

கருவிகள் விற்கும் ஒரு கடையில் இணையம் வழியாக வாங்கினேன். வாங்கும் முன் தொலைபேசியில் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்: இதில் பிளெயின் பிளேடு போட முடியுமா? "இரண்டு வகையும் போடலாம்" என்றார்கள். விளம்பரத்திலும் அப்படித்தான் இருந்தது.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். ஸ்க்ரோல் சா பிளேடு சாதாரணமாக 5 அங்குல நீளம் இருக்கும். ஒரு வகையில் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு சின்னக் கம்பி இருக்கும். அது பின் பிளேடு. கொக்கியில் மாட்டினால் போதும், மாற்றுவது சுலபம். அந்தக் கம்பி இல்லாமல் முனை வெறுமனே இருப்பது பிளெயின் பிளேடு. அதைக் கிளாம்ப் வைத்துத் திருகி இறுக்க வேண்டும். ஆனால் மரத்தின் நடுவே ஒரு துண்டை மட்டும் அறுத்தெடுக்க வேண்டுமானால், முதலில் டிரில்லால் துளை போட்டு அதன் வழியாகப் பிளேடை நுழைக்க வேண்டும். பின் பிளேடுக்கு அந்தத் துளை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இருந்தாக வேண்டும். பிளெயின் பிளேடுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். பறவையின் கண்ணையும் இலையின் நரம்பையும் 5 மில்லிமீட்டர் துளையிலிருந்து அறுக்க முடியாது. நுணுக்க வேலை செய்ய ஆசைப்பட்டால் பிளெயின் பிளேடு இல்லாமல் ஆகாது.

பெட்டியைத் திறந்தால் வெறும் கொக்கிகள்தான். பிளெயின் பிளேடைப் பிடிக்கும் கிளாம்ப் இல்லை. கேட்டதற்கு, "தனியாக வரும், அதுவரை பின் பிளேடில் பழகுங்கள்" என்றார்கள். மேசைத்தகட்டுக்கு அடியில் மரத்தூள் அப்பியிருந்தது. மேலே நிறையக் கீறல்கள். அதையும் கேட்டேன். தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்றார்கள். சோதனைக்கு ஒரு துண்டு அறுத்தால் அவ்வளவு தூள் சேராது. அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் நம்பிவிட்டேன்.

கிளாம்ப் மூன்று வாரம் கழித்து வந்தது. அதற்கப்புறம்தான் பிளேடுகள் முறிய ஆரம்பித்தன. ஒரு மணி நேரத்தில் மூன்று, நான்கு. கோடும் நேராகப் போகவில்லை. கடைக்குப் பேசும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "உங்களுக்குப் பிளேடின் டென்ஷன் (இறுக்கம்) வைக்கத் தெரியவில்லை, மரத்தை அழுத்தித் தள்ளுகிறீர்கள், இன்னும் கொஞ்ச நாள் கை பழகட்டும்."

இதில் பாதி உண்மை இருப்பதுதான் கொடுமை. புதிதாக அறுப்பவர் அழுத்தத்தான் செய்வார். டென்ஷன் குறைந்தாலும் பிளேடு வளைந்து முறியும், கூடினாலும் முறியும். கோடு ஒரு பக்கம் இழுப்பதும் சகஜம். பல பிளேடுகளில் தயாரிப்பின்போதே ஒரு விளிம்பில் பிசிறு தங்கிவிடும். அதனால் வெட்டு பெரும்பாலும் வலப்பக்கம் இழுக்கும், மரத்தைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்து அறுக்க வேண்டும். இதெல்லாம் பழகுபவருக்கு வரும் சிக்கல் என்று எங்கும் சொல்வார்கள். அந்த உண்மைக்குப் பின்னால்தான் அவர்கள் பழுதான இயந்திரத்தை ஒளித்துவைத்தார்கள். நானோ அவர்களிடமே இன்னும் பிளேடு வாங்கினேன். உறையில் அளவைச் சொல்லும் எண்கூட இல்லாத பிளேடுகள். பழகுவதற்கென்று அவர்கள் தந்த பிளைவுட்டில் உள்ளே அங்கங்கே வெற்றிடம். அந்த இடம் வந்ததும் பிளேடு குதிக்கும்.

மரவேலையில் பல வருடம் ஊறிய நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். உடனே அறுக்கவில்லை. முதலில் மின்இணைப்பைப் பிடுங்கினார். பிளேடின் மேல்முனையைத் தாங்கும் இயந்திரத்தின் மேல்கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார், 'டக் டக்' என்று சத்தம் வந்தது. பிளேடையொட்டி மூலைமட்டம் வைத்தார். மேசையின் சாய்வைக் காட்டும் முள் பூஜ்யத்தில் நின்றது, மேசையோ சாய்ந்திருந்தது. அப்புறம் தடித்த கட்டையில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு நிறுத்தினார். கட்டையை மறுபக்கம் திருப்பி, பிளேடின் முதுகுப்பக்கத்திலிருந்து அந்த வெட்டைப் பொருத்திப் பார்த்தார். மேசை சரியாக இருந்தால் பிளேடு வெட்டுக்குள் தடையில்லாமல் போகும். என்னுடையதில் போகவில்லை. கடைசியாகத் தன்னிடமிருந்த நல்ல பிளேடை மாட்டி, தந்தியைப் போல மீட்டினார். 'டிங்' என்று கேட்டது. ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி மீட்டினால் சத்தமே இல்லை. கிளாம்ப் திருகின் முனை தேய்ந்திருந்தது, ஓட ஓடப் பிளேடு நழுவிக்கொண்டே இருந்தது.

கடையில் சொன்னேன். 30 நாள் கெடு முடிந்துவிட்டது, தேய்மானம் நீங்கள் பயன்படுத்தியதால் வந்தது என்றார்கள். "பழகுங்கள்" என்று அவர்கள் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை, எல்லாம் தொலைபேசிப் பேச்சு.

அதனால் வாங்குபவர்களுக்குச் சொல்கிறேன். கேள்வியையும் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பெட்டி திறப்பதைப் படம்பிடியுங்கள். நண்பர் செய்த சோதனைகளை முதல் நாளிலேயே செய்யுங்கள். அதிர்வை மட்டும் அவசரப்பட்டுக் குறை சொல்லாதீர்கள். இயந்திரத்தைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, மெதுவான வேகத்திலும் முழு வேகத்திலும் ஓட்டிப் பாருங்கள். முதல் அறுப்புக்கு, 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள மென்மையான மரமும் 5-ஆம் எண் பிளேடும் போதும். கண்ணாடியும் முகக்கவசமும் அணியாமல் அறுக்க வேண்டாம், அந்தத் தூள் மிக நுண்ணியது. அந்த மென்மையான மரத்திலும் பிளேடு முறிந்துகொண்டே இருந்தால் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்புங்கள், "பழகுங்கள்" என்ற பேச்சுக்குக் காத்திருக்காதீர்கள்.

நண்பர் தன் பழைய இரும்பு வார்ப்பு இயந்திரத்தை இரண்டு வாரம் தந்தார். அதில் முதல் நாளே ஒரு சிட்டுக்குருவியை அறுத்தேன், கண் உட்பட. ஒரு பிளேடுகூட முறியவில்லை. அந்தக் கடையின் விளம்பரத்தை நேற்றும் பார்த்தேன். "இரண்டு வகைப் பிளேடும் போடலாம்" என்ற வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை வாங்க நினைத்தால், பணம் கட்டும் முன் கிளாம்பின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.